வெய்யிலில் நின்ற தோலுக்குக் கற்றாழை ஜெல்: ஒரு விளையாட்டு ரீச்சரின் தீர்ப்பு

முதலே சொல்லிவிடுகிறேன். கற்றாழை ஜெல் வாங்கலாம், ஆனால் அது அன்றிரவுக்கு மட்டும். அடுத்த நாலைந்து நாளைக்குத் தோல் கேட்பது வேறு சாமான், ஈரத்தோலில் பூசுகிற சாதாரண கிளிசரின் கிரீம். அது இதைவிட மலிவு. பச்சை நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, அதனால் கடையில் ஒருவரும் அதை முன் தட்டில் அடுக்குவதில்லை. அவசரக்காரர் இத்தோடு எழும்பிப் போகலாம். மிச்சப் பேர் இருங்கள், விபரமாய்ச் சொல்கிறேன்.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். தை பிறந்தால் எங்களுக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். பள்ளி விட்ட கையோடு பயிற்சி தொடங்கினால் பொழுது சாயும் வரைக்கும் போகும், சனி ஞாயிறு என்றால் முழுநாளும். மைதானத்தில் இருக்கிற ஒரே நிழல் ஒரு வேம்பு. அதன் கீழே தண்ணீர் பரல், கொடிக்கம்பங்கள், வயிற்றுக்குத்து என்று வந்து குந்துகிற பிள்ளைகள். ரீச்சருக்கு அங்கே இடமில்லை. சுண்ணாம்புத் தூளால் ஓடுபாதைக்குக் கோடு போடுவது, அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றுகிற இடத்தை அளப்பது, குண்டெறிதலுக்கு வட்டம் கீறுவது, நீளம் பாய்தல் குழியில் மணலைக் கிளறுவது எல்லாம் வெட்டவெளியில்தான். போட்டி முடிகிற நேரம் என் கையைப் பார்த்தால் மணிக்கூட்டுப் பட்டியின் அகலம் அப்படியே தெரியும். விசில் கயிறு கிடந்த இடம் கழுத்தில் இரண்டு கோடு. தலையில் வகிடு எடுத்த இடம் கூட எரியும், சீப்பு வைக்க ஏலாது.

ஆக, இது முகத்தை வெள்ளையாக்குகிற சாமானைப் பற்றிய எழுத்து இல்லை. அதைத் தேடி வந்தவர்களுக்கும் கீழே ஒரு பந்தி இருக்கிறது, அவர்களுக்கு அது பிடிக்காது.

தை, மாசியில் வன்னி வெய்யில் ஆளை ஏமாற்றும். காலையில் பனி, எட்டு மணிக்குக்கூட குளிர்மையான காற்று, பிள்ளைகள் சுவெட்டரோடு வருவார்கள். வியர்க்காததால் வெய்யில் சுடுகிறது என்றே தோன்றாது. ஆனால் தோலைச் சுடுவது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். அதற்குக் காற்றுக் குளிர்மை ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய முகிலுக்குள்ளாலும் அது வரும். காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழுகிற புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி எறிகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையில் தொப்பியோடு நின்றவருக்கும் தாடையின் கீழே ஏன் எரிகிறது என்பதற்கு அதுதான் பதில். பிறகு ஏப்ரல் வரும். புதுவருஷம் பிறக்கிற அந்த நாட்களில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சிக்கு வருகிறது. மத்தியானம் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் அப்படி வரும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒரே அளவுகோல்: உன் நிழல் உன்னைவிடக் குட்டை என்றால் வெய்யில் வலு கடுமை, தொப்பியைப் போடு.

"எங்கட கறுப்புத் தோலுக்கு உதெல்லாம் வராது ரீச்சர், அது வெள்ளைக்காரருக்குத்தான்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். வரும். தோலுக்குக் கறுப்பைத் தருகிற மெலனின் கூட இருந்தால் தாக்கம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. எங்கள் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தொட்டால் அனல், சட்டை உரசினால் எரிவு, இரவு படுத்தால் தோல் இழுத்துக் கட்டினது மாதிரி ஒரு பிடிப்பு, இரண்டொரு நாளில் கடி, பிறகு உரியும். உரிந்த இடம் மாதக் கணக்கில் கறுத்துக் கிடக்கும். அதை "வெய்யிலில கறுத்துப் போனன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எரிவு வெய்யிலில் நிற்கும்போது தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். பொழுதுபட்ட பிறகுதான் ஏறத் தொடங்கும், அடுத்த நாள் மத்தியானம் அளவில் உச்சத்துக்கு வரும்.

இனி ஜெல்லுக்கு வருகிறேன். கிளிநொச்சி டவுனில் ஒரு பாமசியில் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன், அதோடு கடைக்காரர் எனக்கு நல்ல பழக்கம். ஒரு கையளவு பிளாஸ்டிக் போத்தல், அழுத்தினால் வருகிற மூடி, உள்ளே தவளைப் பச்சை நிறத்தில் ஜெல். முன்பக்கம் கொட்டை எழுத்தில் கற்றாழைப் படமும் பெரிய சதவீதக் கணக்கும். பின்பக்கம் எறும்பெழுத்தில் சேர்மானப் பட்டியல். அந்தப் பட்டியலைத்தான் வாசிக்க வேண்டும். எது கூட இருக்கிறதோ அதை முதலில் போடுவது வழமை. இதில் முதலில் தண்ணீர், பிறகு அல்ககோல், பிறகு கிளிசரின், ஜெல்லைத் தடிப்பாக்குகிற கார்போமர், அதற்கும் பிறகுதான் 'அலோ பார்படென்சிஸ்' என்று கற்றாழை எட்டிப் பார்க்கிறது. கடைசியில் வாசனை, நிறம். கற்றாழை மடலைக் கீறிப் பாருங்கள், உள்ளே இருக்கிற சோறு கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். அந்தப் பச்சை சும்மா ஊற்றின சாயம்.

பூசின உடனே நல்ல சுகம், அதை மறுக்க ஏலாது. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து முன் விறாந்தையில் இருந்து பின் கழுத்தில் பூசினால், காற்றுப் பட்டதும் ஒரு குளிர் இறங்கும். அதில் பாதி கற்றாழையின் வேலை இல்லை, தண்ணீரும் அல்ககோலும் ஆவியாகப் பறக்கிறதால் வருகிற குளிர். அல்ககோல் பறந்து முடிந்ததும் தோல் முன்னையைவிடக் காய்ந்து நிற்கும். அதைவிட, எரிகிற தோலில் அல்ககோல் பட்டால் முதல் சில விநாடி சுரீர் என்று குத்தும். காது நுனியில் பூசினபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு அதே பாமசியில் அல்ககோல் இல்லாத, நிறம் இல்லாத ஒரு ஜெல்லைத் தேடி எடுத்தேன். விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதுதான் இப்போது எங்கள் வீட்டு பிரிட்ஜில் இருக்கிறது. இந்த இரண்டாவது ஜெல்லுக்கு நான் நல்ல புள்ளி போடுவேன். குத்தாது, ஒட்டுப்பிசின் குறைவு, ஒரு முறை பூசினால் படுக்கப் போகும் வரை போதும். பிரிட்ஜில் வைத்துப் பூசினால் இன்னும் சுகம். கரண்ட் நின்றாலும் பரவாயில்லை, மண்பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தாலே போதுமான குளிர்மை வரும். ஐஸ்கட்டியை மட்டும் நேரே தோலில் வைக்காதீர்கள், வெந்த தோலுக்கு அது இன்னொரு காயம்.

இதன் குறை என்னவென்றால், காய்ந்ததும் மெல்லிய படலமாக நிற்கும். அதன்மேல் வேறு கிரீம் பூசித் தேய்த்தால், கொப்பியில் அழிறப்பர் தேய்த்த மாதிரி துகள் துகளாக உருளும். பூசிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினால் இன்னும் மோசம், கிரவல் றோட்டுப் புழுதி முழுக்க கையில் ஒட்டிவிடும். ஆகவே பகலில் இது சரிவராது, குளித்துவிட்டு வீட்டில் இருக்கிற நேரத்துக்கு மட்டும்தான்.

எங்கள் மாமிக்கு இந்தப் போத்தலைக் கண்ணில் காட்ட ஏலாது.

"உதையும் காசு குடுத்து வாங்கினியே பிள்ளை? வேலியோரம் நிக்கிறதை வெட்டித் தேச்சால் ஆகாதே?"

"வெட்டித் தேய்க்கலாம் மாமி, மஞ்சள் பாலை வடிய விடவேணும்."

"அது எங்களுக்குத் தெரியாதே? நாங்கள் உன்னை மாதிரி லேபல் பாத்தே வளந்தனாங்கள்?"

மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளவுக் கற்றாழை சும்மா கிடைக்கிறது, போத்தலில் இருக்கிறதைவிடச் சுத்தமானது. வெட்டின மடலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்தால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பால் வடியும். அதில் அலோயின் என்ற சரக்கு இருக்கிறது, சிலருக்கு அது பட்டால் சொறியும். அதை வடியவிட்டு, பச்சைத் தோலைச் சீவி, உள்ளே இருக்கிற சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பூசினால் போதும். முதல் தரம் பூசுகிறவர்கள் முழங்கைக்குள் ஒரு பொட்டு வைத்து அடுத்த நாள் வரை பார்த்துவிட்டுப் பூசுங்கள். உள்ளே இருப்பது 99 சதவீதமும் தண்ணீர்தான், ஆகவே குளிர்மைக்குக் குறைவில்லை. வாசலில் கண்ணூறுக்குக் கட்டித் தொங்கவிட்டதை மட்டும் வெட்டாதீர்கள், அது புழுதியும் புகையும் குடித்தது. (மாமி வேறு காரணம் சொல்லுவா.)

வளவுக் கற்றாழையில் இரண்டு சிக்கல். ஒன்று, வெட்டி வைத்தால் அடுத்த நாளே நாறத் தொடங்கும். போத்தலில் பழுதாகாமல் இருக்க மருந்து போட்டிருக்கிறார்கள், இதில் இல்லை. இரண்டாவது, வேலிக்கு நிற்கிற ஆனைக்கற்றாழையையும் கற்றாழை என்றே எங்கள் சனம் சொல்கிறது. அது வேறு சாதி. அதன் பாலில் ஊசி ஊசியான மணிகள் இருக்கும், தோலில் பட்டால் தடிக்கும், கொப்புளமும் போடும். நுனியில் கறுத்த கூர் முள்ளும், விறைத்த பெரிய மடலும் இருந்தால் கிட்டவும் போகாதீர்கள்.

கற்றாழை உண்மையில் வெந்த தோலைச் சீக்கிரம் ஆற்றுமா என்று கேட்டால், அதைப் பற்றிய ஆய்வுகள் ஒரு குரலில் பேசவில்லை. சுகம் தரும், அது எனக்குப் போதும். தோலின் உள்ளே புற ஊதாக் கதிர் செய்த சேதத்தை எந்தப் போத்தலும் திருப்பிப் போடாது. 'ரிப்பெயார்' என்று முன்பக்கம் எழுதியிருந்தால் நான் அந்தப் போத்தலைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுவேன்.

இனி அந்த மலிவான சாமான். அதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு பழைய மாணவி. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலை செய்தவள். முகத்தில் கண்ணாடிக் கவசம், உடம்பில் கனத்த அங்கி, முழங்காலில் இருந்துகொண்டு நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிற வேலை. வெய்யிலைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் சொல்ல உரிமை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "ரீச்சர், குளிச்சிட்டு உடம்பைத் துடைக்காதேங்கோ. ஒத்தி எடுத்திட்டு ஈரத்தோட கிரீமைப் பூசுங்கோ. நல்ல கிரீம், கூடாத கிரீம் எண்டு பாக்கத் தேவையில்லை, ஈரம்தான் கணக்கு."

அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு நல்ல வசதி இருந்தது. இரண்டு கையும் ஒரே அளவு வெய்யில் குடித்திருந்தன. குளித்த பிறகு இடது கைக்கு அந்த நல்ல ஜெல், வலது கைக்கு ஈரத்தோடு வாசமில்லாத சாதாரண கிளிசரின் கிரீம். முதல் இரவு இடது கை வென்றது. வலது கையில் பூசினது கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்த மாதிரி இருந்தது, துவாயை நனைத்துப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கதை மாறியது. ஜெல் பூசின கை சாம்பல் பூத்து, முழங்கைக்குக் கீழே உரியத் தொடங்கியது. கிரீம் பூசின கையில் கடி குறைவு, உரிந்ததும் குறைவு. இது ஆய்வு இல்லை, ஒரு ரீச்சரின் இரண்டு கை. ஆனால் காரணம் விளங்குகிற காரணம். ஜெல் தண்ணீரைக் கொண்டுவந்து தருகிறது, அதைப் பிடித்து வைக்க அதில் எண்ணெய்ப் பசை இல்லை. வெந்த தோலின் மேல்தட்டு ஓட்டையாகிவிட்டதால் உள் ஈரம் வெளியே பறக்கிறது. அதை மறிக்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

ஆகவே என் முறை இப்போது இப்படி: அன்றிரவு குளிர்ந்த தண்ணீர், ஈரத்துவாய், ஜெல். அடுத்த நாள் அனல் அடங்கினதும் ஜெல்லை நிறுத்திவிட்டுக் காலை மாலை ஈரத்தோடு கிரீம். உரிந்து முடியும் வரை விடாமல். உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

எந்தக் கிரீம் என்று கேட்பீர்கள். பாமசியில் மலிவாகக் கேட்டால் பெரும்பாலும் அக்குவஸ் கிரீமைத்தான் தருவார்கள், சின்ன டப்பாவில் அள்ளியும் தருவார்கள். அதில் சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைக்கிற சரக்கு சேர்ந்திருக்கும். பூசிக் கழுவாமல் விட்டால் அது சிலருக்கு எரிச்சல் தரும் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013இல் எச்சரித்தது. சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவ நல்லது, பூசிவிட்டு இருக்க நான் எடுக்க மாட்டேன். கிளிசரின் உள்ள, வாசமில்லாத, குழந்தைகளுக்கு விற்கிற சாதாரண லோஷன் போதும். குதிக்கால், முழங்கை மாதிரித் தடித்த இடத்துக்கு யூரியா உள்ளது நல்லது, ஆனால் எரிவு இருக்கும்போது யூரியா குத்தும், ஆறின பிறகு பாவியுங்கள். வாஸ்லின் அனல் அடங்கின பிறகு உதட்டுக்கும் காதுக்கும் தங்கம். அன்றிரவே அப்பினால் சூடு உள்ளுக்குள் நிற்கும். தேங்காயெண்ணெயும் அப்படித்தான். அனல் அடங்கினதும் ஈரத்தோலில் மெல்லிதாகத் தடவினால் நல்ல சாமான், ஆனால் எரிகிற கழுத்தில் அப்பம்மா மாதிரி வழிய வழிய ஊற்றுவது சரியில்லை. வெய்யிலுக்குப் போக முதல் எண்ணெய் பூசினால் வெய்யில் ஏறாது என்பதும் நம்பக் கூடாத கதை.

காலமைன் எல்லோருக்கும் தெரியும். கொப்புளிப்பான் வந்த வீட்டில் அந்த இளஞ்சிவப்புப் போத்தல் எங்கேயாவது கிடக்கும். துத்தநாக ஒக்சைட்டும் அந்த நிறத்தைத் தருகிற கொஞ்ச இரும்பு ஒக்சைட்டும்தான் சரக்கு. கடிக்கு நல்லது, காய வைக்கும். காய வைப்பதுதான் பிரச்சினையும். நாலு நாள் தொடர்ந்து பூசினால் தோல் வெடிக்கும். நான் அதை உரிகிற நேரத்துக் கடிக்கு மட்டும், தொட்டுத் தொட்டு வைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் அநேகமான கிணறுகளில் கல்லுத் தண்ணீர், கேத்தில் அடியில் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். சவர்க்காரம் நுரைக்காது என்று கூடப் போடுவோம், அது தோலில் படிந்து நிற்கும், இழுக்கும். வெய்யிலில் வெந்த நாளில் கழுத்துக்கும் கைக்கும் சவர்க்காரமே வேண்டாம், வெறும் தண்ணீர் வார்த்தால் போதும். சுண்ணாம்புத் தூளில் கைவைத்தவர்கள் மட்டும் கையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அதுவும் சேர்ந்தால் விரல் இடுக்கு வெடித்துவிடும்.

இப்போது அந்தப் பிடிக்காத பந்தி. ஜெல் கேட்டுப் போன இன்னொரு கடையில், நான் கேட்காமலேயே ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார்கள். "ரீச்சர், ஒரு கிழமை பூசுங்கோ, பழைய நிறம் வந்திடும்." டப்பாவில் சேர்மானப் பட்டியலும் இல்லை, செய்தவர் விலாசமும் இல்லை. இப்படியான வெள்ளைக் கிரீம்களில் பாதரசமும் கடுமையான ஸ்டீரொய்டும் பிடிபட்டது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஸ்டீரொய்ட் தோலை மெல்லிதாக்கும். மெல்லிய தோலோடு நாளைக்கும் அதே மைதானத்தில் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கறுத்தது தானாகவே மெல்ல மெல்லத் தெளியும், தொப்பியும் நீளக் கைச் சட்டையும் போட்டால்.

தேசிக்காயைத் தேய்க்கச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெய்யில் விழுந்தால் அந்த இடம் வெந்து கொப்புளம் போடும், பிறகு கோடு கோடாகக் கறுக்கும். விளையாட்டுப் போட்டி அன்று தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கிற பிள்ளைகளின் புறங்கையில் வருகிற திட்டு சில வேளை அதுதான். கரைத்துவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள். பற்பசை வேண்டவே வேண்டாம். மோரும் நுங்குத் தண்ணீரும் குளிர்மைக்கு நல்லது, வியர்க்குருவுக்கு எங்கள் அம்மா நுங்குத் தண்ணீர்தான் தடவுவா. ஆனால் தோல் வெடித்திருந்தால் பூசாதீர்கள், குடியுங்கள்.

வயல்காரருக்குத் தனியாக ஒன்று. எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வயலில் இறங்க முதல் டொக்சிசைக்கிளின் குளிசை தருகிறார்கள், அதைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் அந்தக் குளிசை போட்ட உடம்பு வெய்யிலைத் தாங்குவது குறைவு. வழமையாக எரியாதவருக்கும் எரியும். குளிசையை நிறுத்த வேண்டியதில்லை, நீளக் கைச் சட்டையைப் போட்டால் சரி. தொடர்ந்து வேறு மருந்து எடுப்பவர்களும் பாமசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிக்குப் பனடோல் போதும். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஐபுபுரோபென் போடாதீர்கள். வெய்யில் காய்ச்சல் என்று நினைப்பது டெங்குவாக இருந்தால் அந்தக் குளிசை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பெரிய கொப்புளம், நடுக்கம், வாந்தி, தலைச்சுற்று, பிள்ளை சோர்ந்து விழுவது இதில் எது வந்தாலும் ஜெல்லைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தவும் வேண்டாம்.

கடையைப் பற்றி. நான் வாங்குகிற பாமசிக்காரர் லேபல் வாசிக்கிற வாடிக்கையாளரைக் கண்டு முகம் சுளிக்கிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தந்து "நீங்களே பாருங்கோ ரீச்சர், எனக்கு உந்த எழுத்துத் தெரியாது" என்பார். திகதி முடியப் போகிற சாமானைத் தானாகவே எடுத்துச் சொல்வார். அவருடைய குறை, கண்ணாடி அலுமாரி மேற்கு வெய்யில் நேரே விழுகிற இடத்தில் இருக்கிறது. முன் வரிசையில் இருக்கிற போத்தல் எல்லாம் பின்னேரத்தில் சுடும். வெய்யிலுக்கு வைத்தியம் பார்க்கிற சாமான் வெய்யிலில் வேகிறது. நான் எப்போதும் பின் வரிசையிலிருந்து எடுத்துத் தரச் சொல்கிறேன், அவரும் எடுத்துத் தருகிறார். புதுக்குடியிருப்பிலும் இப்போது ஜெல் கிடைக்கிறது, ஆனால் நிறம் போட்டது மட்டும்தான் கண்டேன். விசுவமடு, தருமபுரம் பக்கம் கடைகளில் குழந்தை லோஷன் எங்கும் கிடைக்கும், அதற்காகக் கிளிநொச்சி வரை பஸ் ஏற வேண்டியதில்லை.

வாங்குகிறவர்கள் சின்னப் போத்தலாக வாங்குங்கள். பெரியது மலிவு போலத் தெரியும், திறந்து வைத்துப் பாவித்து முடிக்க முதல் அடுத்த போட்டிக் காலம் வந்துவிடும், அதற்குள் மணம் மாறிவிடும். வளவில் நல்ல கற்றாழை நிற்கிறவர்கள் ஜெல்லுக்குச் செலவழிக்கவே வேண்டாம், அந்தக் காசுக்கு வாசமில்லாத லோஷனும் விளிம்பு அகலமான தொப்பியும் வாங்கலாம். கையில் மிச்சம் இருந்தால் எஸ்பிஎஃப் 30 சன்கிரீம். 30 என்றால் தோலைச் சுடுகிற கதிரில் 97 சதவீதத்தை மறிக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு இரட்டை விலை கொடுக்க ஒரு ஆசிரியச் சம்பளம் இடம் தராது. ஆனால் தாராளமாகப் பூச வேண்டும், வியர்த்தால் திரும்பவும் பூச வேண்டும், பட்டும் படாமலும் தடவினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டிக்கும் இந்த முறை அல்ககோல் இல்லாத ஜெல் ஒன்றும் லோஷன் ஒன்றும் கேட்டு அதிபருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். லோஷனுக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். ஜெல்லுக்கு, "பள்ளித் தோட்டத்தில கற்றாழை நிக்குதெல்லோ ரீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். போய்ப் பார்த்தேன், நிற்பது ஆனைக்கற்றாழை. திரும்பவும் எழுதிக் கொடுக்க வேண்டும்.